கொக்கியில் கை வைத்தது யார்?

"மார்லிஸ், இங்க வா! யாரோ நம்ம ட்ரெய்லர்ல கை வெச்சிருக்காங்க."

ஓர்வில் லிண்டால் ட்ரெய்லரின் பின்பக்க அறைக் கதவைத் திறந்து பிடித்தபடி, உள்ளே பிணம் கிடப்பதைப் பார்த்தவர் போல நின்றார். உள்ளே ஒன்றுமே இல்லை. நேற்று மதியம் அவர் கையாலேயே அடுக்கிய ஜெனரேட்டர், வார்ப்பிரும்புச் சட்டிகள், கருவிப்பெட்டி, இரண்டு பெட்டி டின் உணவு எதையும் காணோம்.

மார்லிஸ் காபிக் கோப்பையோடு இறங்கி வந்தாள்.

"திருடு போயிடுச்சா?"

"போகலை. எல்லாம் முன்பக்க அறைக்கு நகர்ந்திருக்கு."

"பத்திரமா இருக்கில்ல? அப்போ சரி."

"என்ன சரி? எடுத்துட்டுப் போனா திருடன். எடுக்காம நகர்த்தி வெச்சுட்டுப் போறவன் யாரு? அவனுக்கு என்ன வேணும்?"

மார்லிஸ் தோளைக் குலுக்கிவிட்டுக் காபியைக் குடித்தாள். மாட்டுப் பண்ணையில் மாடு, டிராக்டர், ட்ரெய்லரோடு வளர்ந்தவள், எதற்கும் பதறமாட்டாள். ஓர்வில் பதறுவதற்கென்றே சம்பளம் வாங்கியவர். தெற்கு டகோட்டாவில் முப்பத்தொரு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக ஆலங்கட்டி மழையில் உடைந்த கூரைகளைப் பார்வையிட்டவர். எந்தக் கூரையைப் பார்த்தாலும் அவர் முதலில் தேடியது ஆலங்கட்டி விழுந்த தடத்தை அல்ல, இழப்பீட்டுக்காக வீட்டுக்காரனே அடித்த சுத்தியல் தடத்தை. ஓய்வு பெற்று ஒரு மாதம் ஆகியும் அந்தக் கண் இன்னும் ஓய்வு பெறவில்லை.

ஓய்வுக்காலத்தில் ஊர் ஊராகப் போய்த் தங்குவதற்கு வாங்கியதுதான் இந்த இருபத்திரண்டு அடி ட்ரெய்லர். இழுப்பதற்கு ஒரு நடுத்தர பிக்கப். கிளம்பிய முதல் நாளே பிக்கப்பின் பின்பாகம் நாய் உட்கார்ந்த மாதிரி அமுங்கி, மூக்கு வானத்தைப் பார்த்தது. பெட்ரோல் பங்கில் நிறுத்தி ஓர்வில் தீவிரமாக யோசித்தார். முன்னால் பாரம் இருப்பதால்தானே ட்ரெய்லரைப் பிக்கப்போடு இணைக்கும் கொக்கி அமுங்குகிறது? பாரத்தையெல்லாம் ட்ரெய்லரின் வால் பக்கம் தள்ளினார். பிக்கப் நிமிர்ந்துவிட்டது. அவரும் நிமிர்ந்துவிட்டார். அதற்கப்புறம் வழி முழுக்க ட்ரெய்லர் இடமும் வலமுமாக வாலாட்டிக்கொண்டே வந்ததற்கு, காற்றுதான் காரணம் என்றார். பெட்ரோல் பங்கின் கொடி அப்போது ஈரத் துண்டு மாதிரி தொங்கிக்கொண்டிருந்ததை மார்லிஸ் பார்த்தாள். 

இப்போது மிசூரி ஆற்றங்கரை ட்ரெய்லர் முகாமில் யாரோ பாரத்தை மறுபடி முன்னால் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

"அந்த ஆளைப் பாத்தியா?" ஓர்வில் குரலைத் தாழ்த்தினார்.

பக்கத்து இடத்தில் மடக்கு நாற்காலியில் ஒரு தடித்த ஆள், வைக்கோல் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இவர்கள் பார்ப்பதைக் கண்டதும் கையை ஆட்டினான்.

"எதுக்குக் கையை ஆட்டுறான்?"

"காலை வணக்கம் சொல்றாரு. அவர் பேரு வெர்ன் ஹாய்ட். வீட்டுக்காரம்மா பேரு பெக். அயோவாலேர்ந்து வர்றாங்களாம்."

"இது உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"தண்ணி புடிக்கப் போனப்ப."

வெர்னிடமும் நடுத்தர பிக்கப்தான், அதே அளவு ட்ரெய்லர்தான். ஆனால் அவனுடைய வண்டியும் ட்ரெய்லரும் ரசமட்டம் வைத்துப் பார்த்தது போல ஒரே நேர்கோட்டில் நின்றன. அதுவே ஓர்விலுக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவு ஒழுங்காக இருக்கிற கூரையை அவர் தன் உத்தியோக காலத்தில் நம்பியதே கிடையாது.

வியர்க்க விறுவிறுக்க எல்லாச் சாமானையும் மறுபடி வால் பக்கத்துக்கே தூக்கிப்போட்டார். அது மட்டும் போதாது என்று, ரோட்டை நன்றாகப் பிடிக்கட்டுமென்று ட்ரெய்லர் டயர்களில் கொஞ்சம் காற்றையும் இறக்கிவிட்டார்.

அன்று ட்ரெய்லர் வாலாட்டவில்லை, நடனமே ஆடியது. முந்திச் சென்ற லாரிக்காரர்கள் எல்லாரும் ஹாரன் அடித்துவிட்டுப் போனார்கள். "இந்த ஊர்ல எல்லாருக்கும் ரொம்ப மரியாதை" என்று ஓர்வில் பதிலுக்குக் கையாட்டினார். மார்லிஸ் கதவின் மேலிருந்த கைப்பிடியை விடவே இல்லை.

சாயங்காலம் மண்மேடுகளுக்கு நடுவிலிருந்த முகாமில் ட்ரெய்லரை நிறுத்தி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வைக்கோல் தொப்பி வந்து இறங்கியது, இரண்டு இடம் தள்ளி.

"பின்தொடர்ந்து வர்றான்!"

"எல்லாரும் இந்த வழியாத்தான் மேற்கே போறாங்க, ஓர்வில்."

"எல்லாரும் போகட்டும். அவன் ஏன் போறான்?"

வெர்னின் வண்டி எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டார். மறுநாள் காலை பார்த்தால் பாரம் முன்பக்கம் போயிருந்தது. டயர்கள் கல் மாதிரி இருந்தன. கொக்கிக்கு இரண்டு பக்கமும் பாரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டுகளின் சங்கிலி, ஒரு கண்ணி இறுக்கப்பட்டிருந்தது.

ஓர்வில் ராத்திரி காதுக் கருவியைக் கழற்றிவிட்டுப் படுப்பவர். பக்கத்தில் ரயில் போனாலும் தெரியாது.

"உனக்குச் சத்தம் ஏதாவது கேட்டுச்சா?"

"நீ விட்ட குறட்டைதான் கேட்டுச்சு."

"ட்ரெய்லரைத் திருடப் பாக்குறான். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாத் தயார் பண்றான்."

"திருடறவன் எதுக்குக் காத்தடிச்சு வைக்கணும்?"

"கொண்டுபோறப்ப பஞ்சராகக் கூடாதுல்ல?"

 ஓர்வில் காற்றை இறக்கினார், சங்கிலியைத் தளர்த்தினார், சாமான்களை வாலுக்கு அனுப்பினார். தண்டுகள் கிரீச்சிடுவது வேறு எரிச்சலாக இருந்ததால் சங்கிலியை இன்னும் ஒரு கண்ணி சேர்த்தே தளர்த்தினார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் பைன் மரங்களுக்கு நடுவில் ஒரு முகாம். வெர்ன் எதிர்ப்பக்கம் வந்து நின்றதும் ஓர்வில் நேராக ட்ரெய்லருக்குள் போனார். சமையல் அலமாரியிலிருந்து மாவுப் பையை எடுத்துக்கொண்டு போய்க் கொக்கியைச் சுற்றி முழுக்கத் தூவினார்.

"அது பான்கேக் மாவு, ஓர்வில்!"

"இப்போ அது சாட்சி."

விடிந்ததும் ராத்திரிச் செருப்போடே ஓடிப்போய்ப் பார்த்தார். சாட்சி பேசியிருந்தது. மாவில் பூட்ஸ் தடங்கள், பெரிய தடங்கள். தன் செருப்புக் காலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், அச்சு அசலாகப் பொருந்தியது.

"என் சைஸ்காரன்!"

தடங்கள் வெள்ளை வெள்ளையாகச் சரளைக்கல் பாதையைத் தாண்டி நேராக வெர்னின் ட்ரெய்லருக்குப் போயிருந்தன. அங்கிருந்து திரும்பியும் வந்திருந்தன. ரெண்டு தடவை வந்திருக்கிறான் என்று குறித்துக்கொண்டார். வெர்னின் கால்களைப் பார்த்தார். கிட்டத்தட்ட அதே அளவு.

"மிஸ்டர் ஹாய்ட்! விடியக்காலையில எங்க இருந்தீங்க?"

வெர்ன் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தான். "படுக்கையில."

"சாட்சி?"

"பெக்."

மெலிந்த உடம்புக்காரி ஒருத்தி ட்ரெய்லர் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். இந்த மூன்று நாளில் அவள் வாய் திறந்து ஓர்வில் பார்த்ததே இல்லை. இப்போதும் திறக்கவில்லை.

"என் கொக்கியில யாரோ தினமும் கை வைக்கறாங்க. தடம் உங்க வாசல்ல வந்து நிக்குது. என்ன சொல்றீங்க?"

"நான்... உங்க கொக்கியைத் தொட்டதே இல்லைங்க."

சொல்லும்போது வெர்ன் ஓர்விலைப் பார்க்கவில்லை. ஓர்விலின் தோளுக்கு மேலாக மார்லிஸைப் பார்த்தான். மார்லிஸ் சட்டென்று குனிந்து காபிக் கோப்பைக்குள் எதையோ தேடினாள்.

 அந்தப் பார்வை ஓர்விலுக்குத் தெரியும். எரிந்துபோன வீட்டுக்கு முன்னால் நிற்கும் புருஷன் பெண்டாட்டியிடம் அதைப் பார்த்திருக்கிறார், தீக்குச்சி எங்கிருந்து வந்தது என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கும்போது.

இத்தனை நேரம் ட்ரெய்லரைப் பற்றிக் கவலைப்பட்டவர், இப்போது ட்ரெய்லரை மறந்தே போனார். கோபத்தில் எல்லாவற்றையும் கையில் கிடைத்தபடி அவிழ்த்தார், இறக்கினார், தூக்கி வாலில் எறிந்தார். பிக்கப்பைக் கிளப்பி மலையிலிருந்து இறங்கும் ரோட்டைப் பிடித்தார். இருபது மைல் தாண்டியதும் கேட்டார்.

"அந்த ஆளை எத்தனை நாளாத் தெரியும்?"

"மூணு நாளா. உனக்குத் தெரிஞ்ச அதே மூணு நாள்."

"அவன்கிட்ட என்ன பேசுற?"

"ட்ரெய்லரைப் பத்தி."

"ட்ரெய்லரைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

மார்லிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஒண்ணும் தெரியாது, ஓர்வில்."

முப்பத்துநாலு வருஷக் கல்யாணத்தில் அவள் சொன்னதை அவர் சந்தேகப்பட்டதே கிடையாது. உலகத்தில் அவர் சந்தேகப்படாமல் விட்டுவைத்த ஒரே இடம் அதுதான். பக்கவாட்டில் அவளைப் பார்த்தார். அமைதியாக இருந்தாள். அவளால் எப்படி அமைதியாக இருக்க முடிகிறது? ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தார். முள் அறுபது மைலைத் தாண்டியது. இறக்கம் இன்னும் செங்குத்தானது.

ஒரு பெரிய லாரி விர்ரென்று முந்திப் போனது.

ட்ரெய்லர் முதலில் வலப்பக்கம் ஒரு அடி ஒதுங்கியது. பிறகு இடப்பக்கம் இரண்டு அடி. மறுபடி வலப்பக்கம் வந்தபோது பிக்கப்பின் பின்பாகத்தையே சேர்த்து இழுத்தது. கண்ணாடியில் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு வெள்ளைச் சுவர் தெரிந்தது. அது அவர் ட்ரெய்லர்தான். இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் பள்ளம். ஓர்வில் பிரேக்கை நோக்கிக் காலைத் தூக்கினார்.

"பிரேக்கைத் தொடாத!" மார்லிஸ் கத்தினாள். "ஆக்சிலரேட்டர்லேர்ந்து காலை எடு. ஸ்டியரிங்கை நேராப் புடி, திருப்பாத, திருப்பாத!"

அதே நேரத்தில் அவள் கை குறுக்கே பாய்ந்து, டேஷ்போர்டுக்குக் கீழே இருந்த சின்ன நெம்புகோலை மெதுவாக நகர்த்தியது. ட்ரெய்லரின் பிரேக் மட்டும் பிடித்தது. வாலாட்டம் சின்னதாகி, இன்னும் சின்னதாகி, நின்றது. ரோட்டோரமாக வண்டியை நிறுத்திய ஓர்வில், ஸ்டியரிங்கிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்.

அந்த நெம்புகோல் எதற்கென்று இன்றைக்கு வரை அவருக்கே தெரியாது. ரேடியோவோடு சேர்ந்ததென்று நினைத்திருந்தார்.

"இது எப்படி உனக்குத் தெரியும்?"

மார்லிஸ் மூச்சு வாங்கினாள். 

"அவன் சொல்லிக் குடுத்தானா? அந்த வெர்ன்?"

மார்லிஸ் அவரைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் நீர் வரும்வரை, கதவில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். செத்துப் பிழைத்த நிமிஷத்தில் அவள் இப்படிச் சிரித்தது வலித்த அளவு, ட்ரெய்லர் பள்ளத்தில் விழுந்திருந்தால்கூட அவருக்கு வலித்திருக்காது.

கண்ணாடியில் இன்னொரு பிக்கப் வேகம் குறைத்து வந்து பின்னாலேயே நின்றது. வைக்கோல் தொப்பி.

ஓர்வில் சீட்டுக்கடியிலிருந்து டயர் கழற்றும் இரும்பை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

"ஓர்வில், வேண்டாம்!" மார்லிஸ் பின்னாலேயே ஓடிவந்தாள்.

வெர்ன் இரண்டு கையையும் தூக்கியபடி நின்றான். "மிஸ்டர் லிண்டால், உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே? ட்ரெய்லர் ஆடினதைப் பாத்து எங்க உயிரே போயிடுச்சு."

"முகாமுக்கு முகாம் ஏன்யா என் பின்னாடி வர்ற? உனக்கும் என் பெண்டாட்டிக்கும் நடுவுல என்ன?" இரும்பைக் கொஞ்சம் இறக்கினார். "உண்மையைச் சொல்லு. தாங்கிக்கறேன்."

வெர்ன் மார்லிஸைப் பார்த்தான். மார்லிஸ் வேண்டாமென்று தலையாட்டினாள்.

"சொல்ல முடியாதுங்க. சொல்ல மாட்டேன்னு அவங்ககிட்ட வாக்குக் குடுத்திருக்கேன்."

"வாக்கா?" ஓர்வில் இரும்பை ஓங்கினார்.

பிக்கப்பின் இன்னொரு கதவு திறந்தது. பெக் இறங்கிவந்து, புருஷனை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு ஓர்விலுக்கு முன்னால் நின்றாள். முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"அந்த இரும்பைக் கீழ போடுங்க, மிஸ்டர் லிண்டால். எங்க வீட்டு ஆளுக்கு ஒரு டயருக்குக் காத்தடிக்கக்கூடத் தெரியாது. மூணு நாளா விடியக்காலையில உங்க பூட்ஸை மாட்டிக்கிட்டு முதல்ல உங்க கொக்கியையும் அப்புறம் எங்க கொக்கியையும் சரி பண்ணிக் குடுக்கறது உங்க வீட்டம்மாதான், அவங்க போற வழியில போகாம நாங்க வேற யார் பின்னாடி போறது?"