மாப்பிள்ளை செய்து கொடுத்த இதயம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதுவது. வீட்டில் எல்லோரும் சௌக்கியம்; என்னைப் பற்றி அப்படிச் சொல்லும்படி இல்லை. இந்தக் கடிதத்தை என் மகளிடம் காட்ட வேண்டாம், சிரிப்பாள்.

‘இதயம்’ பாடத்துக்கு நீங்கள் கண் விழித்துச் செய்து கொடுத்த ஸ்லைடுகளை நேற்று எட்டாம் வகுப்பில் போட்டேன். உங்கள் மேல் ஒரு குறையும் இல்லை, புத்தகத்தில் ஒரு வரி விடாமல் ஏற்றச் சொன்னவனும் நான்தான், எழுத்துகள் பறந்து வரட்டும் என்று கேட்டவனும் நான்தான். விளக்கை அணைத்துவிட்டுத் திரையைப் பார்த்து வாசித்துக்கொண்டே போனேன், பிள்ளைகளுக்கு என் முதுகுதான் தெரிந்தது, நான் ஒரு வரி முடிப்பதற்குள் அவர்கள் பக்கத்தையே முடித்துவிட்டுக் காத்திருந்தார்கள், அதுவும் அலுத்துப்போய் அடுத்த எழுத்து எந்தப் பக்கமிருந்து பறந்து வரும் என்று பந்தயம் கட்டினார்கள், மேற்பார்வைக்கு வந்த தலைமையாசிரியர் கடைசி பெஞ்சில் கன்னத்தில் கை வைத்து அசையாமல் இருந்தார், ஆழ்ந்து கவனிக்கிறார் என்று பூரித்துப்போனேன், குறட்டை கேட்ட பிறகுதான் விளங்கியது.

அதெல்லாம் போகட்டும். ஜன்னலோரம் ஒரு பெண், ஆண்டு முழுக்க வாயே திறக்காதவள், திடீரென்று எழுந்தாள்.

“சார், இதயம் எப்ப சார் ரெஸ்ட் எடுக்கும்?”

இப்படி ஒரு கேள்விக்காகத்தானே இத்தனை வருஷம் சாக்பீஸ் தூசியைத் தின்றேன்? ஆனால் என் வாயில் வந்தது வேறு.

“அது பின்னாடி ஸ்லைடுல வரும்மா, உக்காரு.”

உட்கார்ந்துவிட்டாள். அந்த ஸ்லைடு வருவதற்குள் மணி அடித்துவிட்டது.

மனசு கேட்கவில்லை மாப்பிள்ளை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு இன்று ஒரே ஒரு படத்தோடு போனேன். விளக்கு எரியட்டும் என்று விட்டேன், பிள்ளைகளைப் பார்த்து நின்றேன், மணிக்கட்டில் விரல் வைக்கச் சொன்னேன். “ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவுல சின்னதா ஒரு இடைவெளி இருக்குல்ல? அதான் அது எடுக்கிற ரெஸ்ட்டு” என்றேன். வகுப்பே மூச்சுவிடாமல் தன் கையைத் தானே பிடித்துக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் பார்த்தேன். இடம் காலி.

“அவ டிசி வாங்கிட்டா சார்” என்றாள் பக்கத்தில் இருந்தவள். “அவங்கப்பாவுக்கு வேற ஊருக்கு மாத்தலாயிடுச்சு. நேத்துதான் கடைசி நாள்.”

இனி ஸ்லைடு பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன். மகளுக்கும் பேத்திக்கும் என் ஆசிகள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் தலைமையாசிரியர் போன் செய்தார். நேற்றைய வகுப்பைப்போல் அவர் வாழ்நாளில் பார்த்ததில்லையாம். எல்லா ஆசிரியர்களுக்கும் நானே ஸ்லைடு பயிற்சி கொடுக்க வேண்டுமாம். சரி சார் என்று சொல்லிவிட்டேன். அழித்த இதயத்தை மறுபடி அனுப்பவும். திங்கட்கிழமைக்குள் நுரையீரலும் வேண்டும். கொஞ்சம் நீளமாகவே இருக்கட்டும்.