வெளுப்புத் துணி மேல் விமானம் இறக்கியவன் விண்ணப்பம்

வில்மரே, உங்கள் வீட்டிலிருந்து
1911 ஏப்ரல் 26

மதிப்பிற்குரிய தியர்ஸ்லேன் மாமா அவர்களுக்கு,

அரிஸ்தீத் புஷார் தொப்பியைக் கழற்றி வணங்கி எழுதுவது. மாமா என்றழைக்க நீங்கள் இன்னும் அனுமதி தரவில்லை. எப்படியும் தரத்தான் போகிறீர்கள், காது இப்போதே பழகட்டும். ஒர்லேயான் சந்தைக்குப் போன இடத்தில் உங்கள் முழங்கால் வலி அடங்கியிருக்குமென்று நம்புகிறேன்.

நிற்க. பத்திரிகையில் "விமான விபத்து" என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். விபத்தும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மேலே போன விமானம் கீழே வந்தது, கூடவே நானும் வந்தேன், அதற்குப் பெயர் தரையிறக்கம். விமானி உரிமம் வாங்கினால்தான் உங்கள் மகள் லியோனியைத் தருவேன் என்றீர்களே, அந்தப் பரீட்சைதான் திங்கட்கிழமை நடந்தது. வானில் மூன்று வட்டம் போட்டு, எஞ்சினை அணைத்து, திடலில் விரித்திருக்கும் வெள்ளைத் துணிக்குப் பக்கத்தில் இறங்க வேண்டும். வட்டம் மூன்றையும் அட்சரம் பிசகாமல் போட்டேன். எஞ்சின் வழியெல்லாம் மசகுக்கு ஊற்றிய விளக்கெண்ணெயை என் முகத்தில் துப்பிக்கொண்டே வந்தது. அதை அணைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தால், கீழே ஒரு துணி இல்லை, நாற்பத்திரண்டு துணி! குளிர்காலம் முழுக்க அழுக்கைச் சேர்த்து வைத்து ஈஸ்டர் கழிந்ததும் ஒரே மூச்சில் வெளுப்பது உங்கள் வீட்டு வழக்கம், எத்தனை படுக்கை விரிப்போ அத்தனை கௌரவம், எல்லாம் தெரியும். அதற்காக என் பரீட்சை அன்றைக்கா, திடலை ஒட்டிய புல்லிலா பரப்ப வேண்டும்? அணைத்த எஞ்சினை ஆகாயத்தில் விசிறியைக் கையால் சுற்றித் திரும்ப முடுக்கிவிட ஆளுக்கு எங்கே போவேன்? இருப்பதில் பெரிய வெள்ளையாகப் பார்த்து இறக்கினேன். கடைசியில் ஒரு சின்ன வளைவு எடுத்தேன், பார்ப்பவர்களுக்கு அழகாக இருக்கட்டுமே என்று. அங்கே உங்கள் பேரி மரம் நின்றது. அது நின்ற இடம் சரியில்லை. இடது இறக்கை மரத்திலேயே தங்கிவிட, மற்றதெல்லாம் என்னோடு வந்தது.

துணி வெளுக்கிற ஒர்த்தான்ஸ் நான் உயிரோடிருக்கிறேனா என்றுகூடக் கேட்கவில்லை. "பாவி மனுசா! மூணு நாளா சாம்பத்தண்ணி ஊத்தி வெளுத்ததுல எண்ணெயக் கொட்டித் தொலச்சிட்டியே!" என்று துவைக்கிற கட்டையை ஓங்கினாள். பரீட்சை நடத்திய பெல்வால் மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"நம்ம துணி அந்தாண்ட கெடக்குதய்யா! இது யார் வீட்டுத் துணி?"

"எங்க மாமா வீட்டுதுங்க."

"அப்ப உரிமத்தையும் அவர்கிட்டயே வாங்கிக்க" என்று நோட்டை மூடிவிட்டார்.

பெரியவர் சொல்லைத் தட்டக்கூடாது. ஆகவே உரிமத்துக்குப் பதிலாகத் தங்கள் சம்மதத்தையே மறு தபாலில் அனுப்பிவைக்கவும். உங்கள் கோதுமை பூச்சி விழாமல் விளையட்டும், உங்கள் மாவு ஆலைக் கல் தேயாமல் சுற்றட்டும்.

இப்படிக்கு,
மருமகனாகியே தீரப்போகிற
அரிஸ்தீத்

பி.கு.: அப்பா, நான் லியோனி. அவருக்கு இரண்டு கையும் முறிந்து கட்டுப் போட்டிருக்கிறது. அவர் சொல்லச் சொல்ல இவ்வளவும் எழுதியது நான்தான். இப்போது தூங்குகிறார். அந்த அழகான வளைவு பற்றி அவர் சொன்னது பொய். விரிப்புகளுக்கு நடுவே அம்மா முதுகைக் காட்டிக் குனிந்து தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். எஞ்சின் அணைந்திருந்ததால் விமானம் வருகிற சத்தமே அவளுக்குக் கேட்கவில்லை. நேராக வந்திருந்தால் அவருக்கு ஒரு கீறலும் விழுந்திருக்காது. தெரிந்தேதான் மரத்தைப் பார்த்துத் திருப்பினார். "பயந்து திருப்பிட்டான்னு ஊரு சிரிக்கும், அத எழுதாத" என்கிறார். கை எலும்பு ஒன்றுசேர மூன்று மாதம் ஆகுமாம், உரிமம் இனிக் கிடைக்குமோ என்னவோ. நீங்கள் சம்மதமென்று எழுதினாலும் சரி, இல்லையென்று எழுதினாலும் சரி. அம்மா நேற்றே பாதிரியாரைப் பார்த்து, வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எங்கள் கல்யாண அறிவிப்பு ஓலையை வாசிக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.