கப்சிப் உலாவியும் கண்ணாடிக்காரர் முதுகும்

"இந்த லீவுக்குச் சகலை வீட்டுக்கு நான் போகமாட்டேன். போகமாட்டேன்னா போகமாட்டேன்தான்!"

இப்படி ஒரு சிங்க கர்ஜனை நம்ம கண்ணாடிக்காரர் வாயிலேருந்து கிளம்புச்சு. எங்கே? வீட்டிலயா? வீட்டில கர்ஜிக்கிற வேலையெல்லாம் வேற ஆள் பாத்துக்கிறாங்க. இது அவரோட மூக்குக்கண்ணாடிக் கடையில நடந்தது. வாடிக்கையாளருங்க முகம் பாக்கச் சுவர் பூரா நிலைக்கண்ணாடி மாட்டி வெச்சிருக்கார். அத்தனைக்குள்ளயும் ஒரு கண்ணாடிக்காரர் நின்னு, "ஆமா, போகமாட்டேன்"னு தலையாட்டினார். அவர் ஆயுசுல ஒரு தீர்மானம் ஏகமனதா நிறைவேறினது அன்னிக்குத்தான்.

சகலை கெட்டவரா? சேச்சே. தங்கமான மனுஷன். டிரைவிங் ஸ்கூல் நடத்துறார். அதுதான் வினை. வருஷக்கணக்கா பக்கத்து சீட்டுல உக்காந்து அடுத்தவனுக்குச் சொல்லிச் சொல்லியே பழகின வாய். நீங்க பாட்டுக்குச் சாப்பிட உக்காந்தா, பக்கத்தில வந்து உக்காந்துக்குவார்.

"சகலை, மெதுவா... கை இடது பக்கம் ஏறுது பாருங்க... முன்னாடி டம்ளர்... டம்ளர்... பிரேக்! பிரேக்!"

செருப்பைக் கழட்டி விட்டா, "பார்க்கிங் கோணலா இருக்கு, எடுத்துட்டு மறுபடி விடுங்க"ம்பார். போன தடவை கண்ணாடிக்காரர் குளிச்சுட்டு வெளியே வந்தா, கதவுக்கு நேரா நின்னுக்கிட்டு, "திருப்பத்துல ஹார்ன் அடிக்காம வர்றீங்களே சகலை!"ன்னு கேட்டார். துண்டைப் பிடிக்கிறதா, ஹார்ன் அடிக்கிறதா? ஒரு வாரம் இந்த வண்டியை ஓட்டிட்டு வந்து, கண்ணாடிக்காரருக்கு நடக்குறதே மறந்துபோச்சு.

"நான் வரலை"ன்னு பொண்டாட்டிகிட்ட நேராச் சொல்லிட்டா என்ன? சொல்லலாம். பூனைக்கு மணி கட்டலாம்னு எலிகூடத்தான் சொல்லுச்சு. அந்தம்மா வரலாறு டீச்சர். எதையும் மறக்காம இருக்கிறதுக்குத்தான் அவங்களுக்குச் சம்பளமே. "என் அக்காவைப் பாக்க வரமாட்டேன்னு சொன்ன நாள்"னு ஒண்ணு பதிவாயிட்டா, அது பேரன் பேத்தி காலத்திலயும் பரீட்சைக்கு வரும்.

அதனால கண்ணாடிக்காரர் ஒரு திட்டம் போட்டார். முதுகுவலி!

தலைவலின்னா மாத்திரை குடுத்து அழைச்சுட்டுப் போயிடுவாங்க. காய்ச்சல்னா தெர்மாமீட்டர் வெச்சுக் குட்டை உடைச்சுடுவாங்க. முதுகுவலி ஒண்ணுதான் வந்தவன் சொன்னாத்தான் உண்டு. டீச்சர் தன் அக்கா வீட்டுக்குப் போயிடுவாங்க. இவர் சோபாவில மல்லாக்கப் படுத்து, கால்மேல கால் போட்டுக்கிட்டு, யாரும் எதுவும் சொல்லாத ஒரு முழு வாரம்! நினைச்சாலே முதுகு சிலிர்த்துச்சு.

ஆனா பவர் பாக்காம லென்ஸ் போடுற ஆள் இல்ல அவர். வராத வலியை வரவைக்கணும்னா, வந்த வலி எப்படி இருக்கும்னு தெரியணும் இல்லையா? போனை எடுத்து, "முதுகுவலி எப்படி இருக்கும்"னு தேடினார். படிச்சார். தெளிஞ்சார். மூடி வெச்சார்.

சாயங்காலம் ரெண்டு பேரும் சாப்பிட உக்காந்தாங்க.

"ஏங்க."

"என்னம்மா?"

"மத்தியானத்திலேருந்து என் போன்ல முதுகு பெல்ட்டு விளம்பரமா வருது. யாருக்கு முதுகுவலி?"

கண்ணாடிக்காரருக்குப் புரையேறிடுச்சு. "எனக்கா? எனக்கென்ன வலி? என் முதுகு பாறை மாதிரி இருக்கு!"

"உங்களுக்கான்னு நான் கேக்கவே இல்லையே?"

பேச்சை மாத்த டிவியைப் போட்டார். அதுல ஒரு ஆள் மெத்தையில உருண்டுக்கிட்டே, "முதுகுவலியா? வெளியே சொல்லமுடியாத வேதனையா?"ன்னு நேரா இவரைப் பாத்துக் கேக்குறான். பட்டுனு அணைச்சார். அணைச்ச கையைப் பாத்தாங்க டீச்சர். கையிலேருந்து முதுகைப் பாத்தாங்க.

வலி இன்னும் வரவே இல்ல, அதுக்குள்ள மருந்து வந்து வாசல்ல நிக்குது!

மறுநாள் கடையைத் திறந்த கையோட, பக்கத்துக் கடை செல்போன்காரரைப் பிடிச்சார். எந்தக் கேள்விக்கும் தெரியாதுன்னு சொல்லாத மனுஷன் அவர். தெரியுமாங்கிறது வேற விஷயம்.

"அண்ணே, உங்க போன்ல தேடுறதுக்கு ஒண்ணு இருக்கே, அது உலாவி இல்ல. உளவாளி!"

"அட, பேரைக் கேட்டப்பவே சந்தேகம் வந்திருக்கணுமே!"

"நீங்க எங்க போனாலும் பின்னாடியே வரும். எதைப் பாத்தீங்க, எவ்வளவு நேரம் பாத்தீங்கன்னு ஊர் பூரா சொல்லும்."

"அதான் எனக்கு வீட்டிலயே நடக்குதேப்பா. இதுக்குப் போன் வேறயா?"

"கவலையை விடுங்க. இதுக்குன்னே 'கப்சிப்'னு புதுசா ஒரு உலாவி வந்திருக்கு. செத்தாலும் வாயைத் திறக்காது."

கப்சிப்பைத் திறந்தா, உதட்டுமேல விரல் வெச்ச ஒரு முகம். அதுக்குக் கீழே: 'உங்கள் ரகசியம் இனி எங்கள் ரகசியம்!'

கண்ணாடிக்காரருக்குக் கண் கலங்கிடுச்சு. இவ்வளவு ஆறுதலா அவர்கிட்ட யாருமே பேசினது இல்ல. ரகசியம் இனிமே அவங்களுதுன்னு அவனே பச்சையா எழுதி வெச்சிருக்கான். ஊருக்கே பார்வை சரி பண்ற மனுஷனுக்கு அது கண்ணுல படலை.

அப்புறம் பொடி எழுத்துல பக்கம் பக்கமா என்னென்னமோ வந்துச்சு. அடியில 'ஏற்கிறேன்'னு ஒரு பட்டன்.

"இதைப் படிக்க வேண்டாமா?"

"இதை யாரண்ணே படிப்பாங்க? உங்க கல்யாணத்துல சம்மதமான்னு கேட்டப்ப, விவரம் படிச்சுட்டா தலையாட்டினீங்க?"

நியாயமான கேள்வி. ஏற்கிறேன். ஏற்கிறேன். ஏற்கிறேன். அந்த வார்த்தையில அவருக்கு நல்ல அனுபவம்.

"மெயில் கேக்குது அண்ணே."

"எனக்குன்னு தனியா ஏதுப்பா? வீட்டுக்கு ஒரே மெயில்தான். டீச்சர் பேர்ல இருக்கு."

"அதையே போடுங்க. வாயில்லாத பிராணிகிட்ட யார் பேரைச் சொன்னா என்ன?"

போட்டார். ரகசியம் காக்க ஒரு ஆள் கிடைச்சதும், மனுஷன் மனசு திறந்த கதவா ஆயிடுச்சு. நேத்து ஏதோ கூச்சமாத் தேடினவர், இன்னிக்குக் கூச்சத்தைக் கழட்டி வெச்சுட்டு எழுதினார்: "முதுகுவலி இருப்பதுபோல் மனைவி நம்பும்படி நடிப்பது எப்படி?" அடுத்தது: "முனகல் எந்த அளவு போதும்?" அதுக்கடுத்தது: "முகத்தைச் சுளிக்கும்போது சிரிப்பு வராமல் இருக்க என்ன வழி?"

முடிச்சதும், எதுக்கும் இருக்கட்டும்னு, போன்ல இருந்த தேடல் வரலாறு மொத்தத்தையும் வழிச்சுத் துடைச்சார்.

சாயங்காலம் வீட்டில டீச்சர் கையை நீட்டினாங்க.

"உங்க போனைக் குடுங்க. என்னுதுல சார்ஜ் இல்ல. நேத்து ஒரு பக்கம் உங்க போன்ல பாத்தேன், அதைத் திரும்பத் திறக்கணும்." கொஞ்ச நேரம் தட்டிப் பாத்தாங்க. "என்னங்க, வரலாற்றையே காணோம்?"

"அழிச்சுட்டேன்மா. இடத்தை அடைச்சுக்குது."

"வரலாறு டீச்சர் வீட்டில வரலாற்றை அழிச்சீங்களா?"

"சுத்தமா இருக்கட்டுமேன்னு..."

"ஒரு ராஜா காலத்துக்கு ஒரே ஒரு கல்வெட்டுகூடக் கிடைக்கலைன்னா, அதுக்கு ரெண்டு காரணம்தாங்க. ஒண்ணு, அப்படி ஒரு ராஜாவே இருந்திருக்கமாட்டான். இல்லைன்னா, எதையோ பண்ணித் தொலைச்சுட்டு உடைச்சுப் போட்டிருப்பான்."

"இதுல நான் எந்த வகை?"

"நீங்க எந்தக் காலத்துல ராஜாவா இருந்தீங்க?"

அப்பாடா, தப்பிச்சோம்னு நினைச்சார். பாருங்க, அவமானத்துலகூட ஒரு ஆறுதல் இருக்கு.

மறுநாள் ஸ்கூல் விட்டு வந்த டீச்சர் முகத்துல ஒரு சிரிப்பு. காபி ஆத்துறப்ப சிரிப்பு. துணி மடிக்கிறப்ப சிரிப்பு. இவர் முதுகைக் காட்டித் திரும்பினா, பின்னால களுக்குன்னு ஒரு சத்தம்.

"என்னம்மா, இவ்வளவு சந்தோஷம்?"

"ஒண்ணுமில்லங்க. பிள்ளைங்க இன்னிக்கு எல்லாரும் சேர்ந்து சத்தமாப் படிச்சாங்க. டீச்சருக்கு வேற என்ன வேணும்?"

நல்ல மனநிலையில இருக்காங்க, காத்துள்ளபோதே தூத்திக்கணும்னு கண்ணாடிக்காரர் முடிவு பண்ணார். கண்ணாடிச் சட்டத்துல போடுற குட்டித் திருகாணி ஒண்ணைத் தரையில போட்டார். குனிஞ்சார். பாதியில நின்னார்.

"ஆ...!"

"என்னாச்சு?"

"முதுகு... பிடிச்சுக்கிச்சு..."

"பாறை மாதிரின்னீங்களே?"

"பாறை விரிசல் விட்டுடுச்சும்மா."

"அச்சச்சோ! எந்தப் பக்கம்?"

எந்தப் பக்கம்? அதைத் தேட மறந்துட்டாரே! "இந்தப் பக்கம்... அந்தப் பக்கமும்... பொதுவா."

"பாவம்ங்க நீங்க. இன்னும் கொஞ்சம் தாராளமா முனகுங்க. அடக்கி வெக்காதீங்க."

என்ன மனசு! என்ன மனசு! கண்ணாடிக்காரர் தாராளமா முனகினார். முனகலுக்கு நடுவில தியாகமும் பண்ணார். "எனக்காக நீ பயணத்தை நிறுத்திடாதே. அக்காவைப் போய்ப் பாரு. நான் இங்க தனியா... வலியோட... எப்படியோ..."

"சரிங்க."

அவ்வளவுதான்! வாக்குவாதம் இல்ல, விசாரணை இல்ல. சோபா வேண்டாம், வலிக்குத் தரைதான் நல்லதுன்னு சொல்லி, ஹால்ல பாய் விரிச்சு அவரைப் படுக்கவெச்சு, போர்த்தியும் விட்டாங்க. சோபா போனாப் போகுது, அவங்க கிளம்பினதும் ஏறிக்கலாம்னு இவர் போர்வைக்குள்ள வெற்றி விழா கொண்டாடினார்.

லீவு விட்ட காலையில டீச்சர் பெட்டியோட தயாரா நின்னாங்க. வாசல்ல ஒரு கார் வந்து நின்னுச்சு. நிக்கிறதுக்கு முன்னாடி முன்னால போச்சு, பின்னால வந்துச்சு, கோட்டுக்கு நேரா ஒட்டி நின்னுச்சு. கண்ணாடிக்காரர் போர்வையைக் கழுத்துவரைக்கும் இழுத்துக்கிட்டார்.

கதவு திறந்துச்சு. அக்கா கைப்பையோட நின்னாங்க. அவங்களுக்குப் பின்னாலேருந்து ஒரு குரல்.

"சகலை! அசையாதீங்க! அப்படியே நியூட்ரல்ல இருங்க!"

"இ... இவர் எங்க இங்க?"

"அத்தான் உங்களைப் பாத்துக்க வந்திருக்கார்"னாங்க டீச்சர். "ஒரு போன்தாங்க பண்ணேன். இந்த வாரம் கிளாஸ் எல்லாத்தையும் தள்ளி வெச்சுட்டு ஓடிவந்துட்டார். அக்காவும் நானும் ஏரிக்கரை விடுதியில ஒரு வாரம் இருந்துட்டு வர்றோம்."

"விடுதியா? எனக்கு இப்பக் கொஞ்சம் பரவாயில்ல போல இருக்கே..." கண்ணாடிக்காரர் எந்திரிக்கப் பாத்தார். சகலை தோளைப் பிடிச்சு அமுக்கினார்.

"ரிப்பேர்ல இருக்கிற வண்டியை ஸ்டார்ட் பண்ணக்கூடாது சகலை! இன்ஜின் போயிடும்!"

சகலை பெட்டியை உள்ள வெக்கப் போன நேரம் பாத்து, டீச்சர் பாய்க்கிட்ட மண்டி போட்டு உக்காந்தாங்க. போர்வையைச் சரிபண்ற மாதிரி காதுகிட்ட குனிஞ்சாங்க.

"அன்னிக்கு ஒன்பதாம் வகுப்புல, பெரிய திரையில நம்ம மெயிலைப் போட்டு உலாவியைத் திறந்து, 'முதல் உலகப் போர்'னு தேடலாம்னு பாத்தேங்க. 'மு'ன்னு ஒரே ஒரு எழுத்துதான் அடிச்சேன். மிச்சத்தை அதுவே எழுதிடுச்சு. முதுகு, முனகல், முகம்... வகுப்பு பூரா கோரஸாப் படிச்சுது."

கண்ணாடிக்காரருக்கு இப்போ நிஜமாவே எங்கயோ வலிச்சுது. "கப்சிப்... வாயே திறக்காதுன்னானே..."

"அந்த ஒப்பந்தத்தை நான் படிச்சேன். நீங்க தேடுறதையெல்லாம் அதே மெயில்ல இருக்கிறவங்களுக்கும், அவங்களோட கூட்டாளிகளுக்கும் சொல்லுவோம்னு எழுதியிருக்கு. நீங்களும் ஏத்துக்கிட்டிருக்கீங்க. ஒப்பந்தத்தைப் படிக்காம கையெழுத்துப் போட்டுட்டு நாட்டைக் காப்பாத்தின ராஜா எந்தப் புத்தகத்திலயும் இல்லங்க."

"கூட்டாளிங்களா? அது யாரு?"

"ஒருத்தர் ஏரிக்கரை விடுதிக்காரர். 'கணவர் படுக்கையிலா? நீங்கள் எங்களிடம் வாருங்கள்!'னு என் போனுக்கு அனுப்பியிருந்தார். பாதி விலை."

"பிள்ளைங்க... பிள்ளைங்க என்ன சொன்னாங்க?"

"'டீச்சர், இந்தப் போர்ல யார் ஜெயிச்சாங்க?'ன்னு கடைசி பெஞ்சுல ஒருத்தன் எந்திரிச்சுக் கேட்டான். லீவு முடிஞ்சு வந்து சொல்றேன்னு சொல்லியிருக்கேன்."

எந்திரிச்சாங்க. பெட்டியை எடுத்தாங்க. வாசல்ல நின்னு, சகலைக்கும் கேக்குற மாதிரி அன்பாச் சொன்னாங்க.

"ஒரு வாரம் படுக்கணும்னு ஆசைப்பட்டீங்க. நல்லாப் படுங்க!"

கதவு சாத்திக்கிச்சு. சகலை ஒரு நாற்காலியை இழுத்து, பாய்க்கு இடது பக்கமா, சரியான இடைவெளி விட்டுப் போட்டு உக்காந்தார். தொண்டையைக் கனைச்சார்.

"ஆரம்பிக்கலாமா சகலை? முதல்ல கண்ணாடியைச் சரிபண்ணுங்க!"

அவர் படுத்தார். சகலை படுத்தினார்.