செர்ரி சிவப்பில் ஒரு வாசர்

தோல் கம்பெனியில் பத்து வருஷம் வேலை செய்தவனுக்கு ஒரு வியாதி வரும். எதைப் பார்த்தாலும் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பான். பஸ் சீட்டைத் தடவுவான், கல்யாண வீட்டு சோபாவைத் தடவுவான், "இது ரெக்சின்" என்று கேட்காதவர்களிடமும் சொல்வான். வியாதி முற்றினால், தோலை வைத்துத் தீர்க்க முடியாத பிரச்சினையே உலகத்தில் இல்லை என்று நம்ப ஆரம்பித்துவிடுவான். எனக்கு முற்றியது. அது ஊருக்குத் தெரிந்த நாள், என் மனைவி பதினாலு மாதம் கழித்து குவைத்திலிருந்து வீட்டுக்கு வந்த நாள்.

ஸ்டெல்லா நர்ஸ். நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செலக்‌ஷன் பார்ப்பவன். அதாவது, வந்து இறங்குகிற தோலை வெளிச்சத்தில் விரித்து, இது முதல் தரம், இது இரண்டாம் தரம், இதைத் திருப்பி அனுப்பு என்று தீர்ப்புச் சொல்பவன். (வீட்டில் என் தரம் என்ன என்று அதுவரை யாரும் சோதித்ததில்லை.) எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். அதில் நாலு வருஷம் போன் திரையில் குடும்பம் நடத்தினோம். சாப்டீங்களா, சாப்டேன், நீ சாப்டியா, டியூட்டிக்கு நேரமாச்சு. எங்கள் காதல் வசனம் இதற்கு மேல் நீண்டதில்லை.

போன லீவில் வந்தபோது அவள் ஆசைப்பட்டு ஒரு மெஷின் வாங்கினாள். சமையலறை சிங்க்குக்கு அடியில் தொங்கும். மிச்சச் சோறு, காய்கறிக் கழிவு எல்லாவற்றையும் ஓட்டைக்குள் தள்ளி சுவிட்சைப் போட்டால், அரைத்துத் தண்ணீரோடு அனுப்பிவிடும். அங்கே ஒரு டாக்டர் வீட்டில் பார்த்தாளாம். எங்கள் தெரு பிளம்பர் ஜாபர் பாய்தான் மாட்டிக் கொடுத்தார். மாட்டி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே, "மிக்ஸிய இட்டாந்து கீழ தொங்க வுட்டுக்கறீங்கோ, இன்னா காலமோ" என்றார். அன்றிலிருந்து அதற்கு சிங்க் மிக்ஸி என்று பெயர். கிளம்புகிற அன்று ஸ்டெல்லா கப்போர்டு கதவில் ஒரு காகிதம் ஒட்டினாள்: 'எலும்பு போடக் கூடாது. போடவே கூடாது.'

போட்டேன். தனியாக இருக்கும் ஆம்பிளை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்ன செய்வான்? பிரியாணி பார்சல் வாங்குவான். அன்று அவளோடு போனில் பேசிக்கொண்டே தட்டைக் கவிழ்த்தேன். அபூர்வமாக அவள் எதற்கோ சிரித்தாள். அந்தச் சிரிப்பில் தட்டில் கிடந்த நல்லி எலும்பு என் கண்ணில் படவில்லை. சுவிட்சைப் போட்டதும் கூட்ஸ் வண்டி தடம் புரண்டது போல ஒரு சத்தம், அப்புறம் கருகிய வாசனை, அப்புறம் அமைதி.

"இன்னா சத்தங்க அது?"

"லாரி போவுது" என்றேன்.

மூன்று மாதம் அந்த லாரியை மறைத்தேன். பிறகு ஒரு நாள் அவள் சொன்னாள்: "லீவு கெடச்சிருச்சு. இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்து கேக்கறாங்க. அங்க வந்து யோசிச்சு முடிவு பண்ணலாம்னு இருக்கேன்."

எனக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. போகாதே, இங்கேயே இரு என்று சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. அவள் நைட் டியூட்டி பார்த்துக் கட்டிய வீட்டில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு, மாடி இன்னும் பூசாமல் நிற்கும்போது, வேலையை விடு என்று எந்த முகத்தோடு சொல்வது? அதனால் எனக்குப் பதிலாக வீடே சொல்லட்டும் என்று முடிவு கட்டினேன். அவள் வந்து நிற்கும்போது ஒரு குறை இருக்கக் கூடாது. பார்த்ததும் இந்த வீட்டை விட்டுப் போக மனசு வரக் கூடாது. (இதுதான் என் திட்டம். இதில் இருந்த ஓட்டை எனக்கு அப்போது தெரியவில்லை.)

வர்ணம் பூசினேன். திரைச்சீலை மாற்றினேன். அதே மாடலில் புது மெஷின் ஒன்றும் வரவழைத்தேன். ஜாபர் பாயைக் கூப்பிட்டால் அவர் வாயில் ரகசியம் நிற்காது. ஆகவே அவள் வருவதற்கு முந்தின நாள் லீவு போட்டு, நானே சிங்க்குக்கு அடியில் தலையைக் கொடுத்தேன். பழசைக் கழற்றியதில் அதன் வாசர் பிய்ந்து வந்தது. புதுப் பெட்டியில் வாசரைத் தேடினேன். இல்லை. அப்புறம்தான் ஞாபகம் வந்தது: பெட்டியைப் பிரித்ததும் ஒரு கறுப்பு ரப்பர் வளையத்தைப் பேக்கிங் என்று நினைத்து, காலையில் வந்த குப்பை வண்டியில் நானே போட்டிருந்தேன்.

வேறு வழியில்லாமல் ஜாபர் பாயிடம் ஓடினேன்.

"ரப்பர் வாசர் இல்லாம மாட்டாதீங்கோ. வேலூர்ல கெடைக்கும், நாளிக்கு சாய்ங்காலம் நானே வாங்கியாறேன். ஒரு நாள் சும்மா இருங்கோ."

"அவ காலைல வந்துருவா பாய்."

"பீவி வர்றது உங்கள பாக்கவா, சிங்க்க பாக்கவா?"

அந்தக் கேள்விக்கு அப்போதே பதில் யோசித்திருக்கலாம். நான் வீட்டுக்கு வந்து என் சாம்பிள் துண்டுகள் இருக்கும் பையைக் கவிழ்த்தேன். அந்தக் காலத்து அடிபம்புக்குள் தோல் வாசர்தானே இருந்தது? அதற்கு முரட்டுத் தோல் வேண்டும் என்பது தெரியும். ஆனால் பையின் அடியில் செர்ரி சிவப்பில் ஓர் ஆட்டு நாப்பாத் தோல் துண்டு கிடந்தது. கன்னம் மாதிரி மெத்தென்று இருக்கும். ஸ்டெல்லாவுக்குப் போடுகிற வாசருக்கு மட்டமான தோலா என்று ரோஷம் வந்து, அதையே வட்டமாக வெட்டினேன். ஷூ ஒட்டுகிற சொல்யூஷனைத் தடவி, திருகாணியை முறுக்கி, தண்ணீர் விட்டுப் பார்த்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

சொல்யூஷன் நன்றாகக் காய வேண்டும், காலையில் இன்னொரு தடவை முறுக்க வேண்டும் என்பதால், ஏர்போர்ட்டுக்கும் போகவில்லை. கம்பெனியில் ஆடிட் என்று பொய் சொல்லி மச்சானை அனுப்பினேன். பதினாலு மாதம் ஏங்கியவன், மூன்று மணி நேரம் முன்னாலேயே அவள் முகத்தைப் பார்க்கிற பாக்கியத்தை ஒரு வாசருக்காக விட்டேன்.

வந்தாள். இளைத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. போனில் அது தெரிந்ததே இல்லை. வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். வர்ணம், திரை, துடைத்த அடுப்பு. "ஷோக்கா வெச்சினுக்கீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, டிபனுக்கு உருளைக்கிழங்கு சீவ ஆரம்பித்தாள். நான் சமையலறை நிலையில் சாய்ந்து அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் இப்படி ஒரு ஐந்து நிமிஷம் கிடைத்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று தோன்றியது.

சீவியதைச் சிங்க்கில் தள்ளி சுவிட்சைப் போட்டாள். மெஷின் அதிர்ந்தது. நாப்பா நனைந்து நெகிழ்ந்திருக்க வேண்டும். 'டொம்' என்று உள்ளே ஏதோ விழ, கப்போர்டு கதவு தானாகத் திறந்துகொண்டது. நான் பாய்ந்து கையை உள்ளே விட்டேன். வெளியே எடுத்தபோது முழங்கை வரை சிவப்பு. தரையில் சிவப்புத் தண்ணீர் ஓடியது.

அந்தச் சிவப்புத் தோல் வந்த லாட் ஞாபகம் வந்தது. நனைந்தால் சாயம் விடுகிறது என்று திருப்பி அனுப்பிய லாட். திருப்பி அனுப்பியவன் நான்தான்.

ஸ்டெல்லா கத்தவில்லை. நர்ஸ் ஆகிவிட்டாள். ஒரே தாவலில் என் கையைப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கி, மணிக்கட்டை இறுக்கி அழுத்தினாள். "அசையாதீங்க. என்னப் பாருங்க. ஒண்ணும் ஆவாது, என்னயே பாருங்க."

பார்த்தேன். இது சாயம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவள் என் கையைப் பிடித்துப் பதினாலு மாதம் ஆகியிருந்தது. சொன்னால் விட்டுவிடுவாள்.

இதற்குள் கூடத்திலிருந்து எட்டிப்பார்த்த மச்சான், மாதனூரில் இருக்கும் தன் அம்மாவுக்கு போன் போட்டு "மாப்ளைக்குக் கை போய்ட்ச்சு" என்று அறிவித்துவிட்டான். அவள் காயத்தைத் தேடி என் விரல்களைத் தன் முகத்தருகே கொண்டுபோனாள். மூக்கைச் சுருக்கினாள். ஆம்பூரில் வாழ்க்கைப்பட்டவளை எத்தனை நேரம் ஏமாற்ற முடியும்?

"இது லெதர் வாசனையாச்சே."

எல்லாவற்றையும் சொன்னேன். நல்லி எலும்பு, லாரி, குப்பை வண்டி, நாப்பா. அவள் ஈரத் தரையிலேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, அந்தத் தண்ணீர் சிரிப்பினால் மட்டும் இல்லை என்று தெரிந்தது.

"உள்ள வந்து பாத்ததும் பக்குனு ஆய்ட்ச்சுங்க. நான் இல்லாமலே எல்லாம் பக்காவா நடக்குது, இவருக்குப் பழகிப்போச்சு, சரி, ரெண்டு வருஷத்துக்கும் கையெழுத்து போட்டுரலாம்னு நெனச்சேன்."

"அய்யோ, நீ இங்கியே இருக்கணும்னுதான் பண்ணேன்."

"அத வாயத் தொறந்து சொன்னா இன்னா?"

சொன்னேன். "போவாத." ஆறு வருஷத்தில் முதல் தடவை. மாதனூரிலிருந்து மாமியார் ரொட்டியும் ஆப்பிளுமாக அழுதுகொண்டு ஆட்டோவில் வந்து இறங்கியபோது, நாங்கள் இரண்டு பேரும் சிவந்த கையோடு தரையில் உட்கார்ந்திருந்தோம்.

அவள் போனாள்தான். மாடி பூச வேண்டுமே. ஆனால் இரண்டு வருஷம் வேண்டாம் என்று சொல்லி, ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாள். அங்கே போய்க் கதையை வார்டு முழுக்கச் சொல்லியிருக்கிறாள். இப்போது நான் வீடியோ காலில் கூப்பிட்டால், பின்னாலிருந்து யாராவது ஒரு கேரளத்து நர்ஸ் எட்டிப்பார்த்து, "சேட்டா, ரத்தம் நின்னோ?" என்று கேட்காமல் இருப்பதில்லை. நான் பார்த்தே இராத அந்த ஆஸ்பத்திரியில் என்னைத் தெரியாதவர்கள் இல்லை.

"நிக்கலைங்க" என்று கையைத் தூக்கிக் காட்டுவேன். "அழுத்திப் பிடிக்கிற ஆள் அங்கதான இருக்குது."