பதினாறு வயதுக்கு ஆள் தேவை

அன்று காலை ஒழுங்காக நடந்த கடைசிக் காரியம், முனீஸின் மீசையை மழித்ததுதான்.

"இப்பப் பாரு, பதினாறு வயசுப் பையன்னு அடிச்சுச் சொல்லலாம்," என்றார் தமிழ்செல்வன். பெருமாநல்லூரில் அந்தப் பனியன் கம்பெனிக்கு அவர்தான் மேனேஜர்.

முனீஸுக்கு இருபத்திரண்டு வயது. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவன். லிஃப்ட் கெட்டுப்போன நாளிலிருந்து, வெட்டிய துணிக்கட்டுகளைக் கீழே நின்றபடியே இரண்டாம் மாடி ஜன்னலுக்குள் எறிந்துகொண்டிருந்தான். ஒன்றுகூடத் தவறியதில்லை. யாரோ அதைப் படமெடுத்துச் செல்போனில் விட, அமெரிக்காவில் ஒரு பேஸ்பால் அணியின் கண்ணில் பட்டுவிட்டது. ஊர் ஊராகப் பையன்களைத் தேடிப் பிடித்து ஆட்டம் பழக்குகிறவர்களாம். புதன்கிழமை பதினோரு மணிக்கு ஆள் வரும், பையனுக்குப் பதினேழு தாண்டியிருக்கக் கூடாது என்று எழுதியிருந்தார்கள். முனீஸை எடுத்துக்கொண்டால் அணியின் சட்டைகளை இங்கேயே தைக்கக் கொடுப்பீர்களா என்று முதலாளி கேட்டதற்கு, பார்க்கலாம் என்று பதில் வந்தது. மூன்று மாதமாகப் பாதி மெஷின்கள் சும்மா கிடந்தன. அந்தப் 'பார்க்கலா'மில்தான் தமிழ்செல்வனின் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஆடிட்டர் வந்தா ஆதாரை நீட்டுங்கிறீங்க, இன்னைக்கு ஒளிச்சு வைங்கிறீங்களே சார்," என்றான் முனீஸ்.

"அவரு வெளிநாட்டுல துணி வாங்கறவங்க அனுப்பி, பதினெட்டுக்குக் கீழ ஆள் இருக்குதான்னு சொல்லாமக் கொள்ளாம வந்து பாக்கற மனுசன். இவரு, கீழ இருந்தாத்தான் எடுப்பாரு. ஆளுக்குத் தக்கன வயசு, கண்ணு."

பத்தரை மணிக்கே வெள்ளைக்காரர் வந்துவிட்டார். அவர் வாயெடுப்பதற்குள் தமிழ்செல்வன் மாலையைப் போட்டார். நீட்டிய கார்டைப் படிக்காமலே சட்டைப்பையில் செருகிக்கொண்டு, நேராக முனீஸிடம் அழைத்துப்போனார். ஆபீஸில் வேலை பார்க்கும் தேஜஸ்ரீ மொழிபெயர்க்க வந்தாள்.

முதல் கேள்வியே வயது. பதினாறு என்றதும் வெள்ளைக்காரரின் பேனா நின்றது. முகம் வாடிவிட்டது.

"முத்தின ஆளுன்னு நெனைக்கறாரு போல. பதினாலுன்னு சொல்லு அம்மிணி."

தேஜஸ்ரீ தயங்கிச் சொன்னாள். அவர் முகம் வெளுத்தது. எப்போதிலிருந்து இங்கே இருக்கிறான் என்று கேட்டார். கை நன்றாகப் பழகியது என்று தெரியட்டுமே என, பத்து வயதிலிருந்து என்று சொல்லவைத்தார் தமிழ்செல்வன். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்? எட்டு என்ற உண்மை அவருக்கே சோம்பேறித்தனமாகப் பட்டது. பன்னிரண்டு என்றார். ஞாயிற்றுக்கிழமையும் உண்டு என்றார்.

முனீஸ் ஒரு கட்டைத் தூக்கி எறிந்தான். அது ஜன்னலுக்குள் சுத்தமாகப் போய் விழுந்தது. வெள்ளைக்காரர் ஜன்னலைப் பார்க்கவே இல்லை. முனீஸின் உள்ளங்கையைத் திருப்பி, காய்ப்பைத் தடவிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"கையத் தொட்டுப் பாக்கறாரு. தேறிட்டே கண்ணு," என்று காதோரம் சொன்னார் தமிழ்செல்வன்.

இவனைப்போல இன்னும் இருக்கிறார்களா என்று கேட்டார் வெள்ளைக்காரர். பேஸ்பாலில் ஓர் அணிக்கு ஒன்பது பேர் என்று தமிழ்செல்வன் கேள்விப்பட்டிருந்தார். ஓடிப்போய், கம்பெனி ஆட்களில் இன்னும் எட்டுப் பேருக்கு மீசையை எடுத்து வரிசையில் நிறுத்தினார். அயர்ன் மாஸ்டர் அருண்பாண்டிக்குப் பதிமூன்று வயது கிடைத்தது.

"எம் மக ரெண்டாவது படிக்கா சார்."

"தங்கச்சின்னு சொல்லிக்க."

வெள்ளைக்காரர் ஒவ்வொருவரையும் போட்டோ எடுத்தார். போனை எடுத்து யாரிடமோ பேசினார். என்ன பேசுகிறார் என்று தமிழ்செல்வன் கேட்டார்.

"இந்தக் கம்பெனியப் பத்தி உலகத்துக்கே சொல்லணும்ங்கறாருங்க," என்றாள் தேஜஸ்ரீ, குரல் இறங்கி.

தமிழ்செல்வன் உடனே ஆட்களைக் கூப்பிட்டார். சும்மா கிடந்த மெஷின்களை எல்லாம் துடைத்து வைக்கச் சொன்னார்.

அப்போது வாட்ச்மேன் பெரியகருப்பன் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"சார், கேட்டுல இன்னொரு வெள்ளக்காரரு நிக்காரு. மட்டை, பந்தெல்லாம் கொண்டாந்திருக்காரு. உள்ள விடவா, இல்ல ஆள் எடுத்து முடிஞ்சிருச்சுன்னு அனுப்பிரவா?"