ஹெல்னெஸ் தீவின் மாபெரும் வட்டம்

மனித குலம் இதுவரை கண்டுபிடித்த வட்டங்களில் சக்கரத்துக்கு மூன்றாம் இடம், கல்யாண மோதிரத்துக்கு இரண்டாம் இடம். முதலிடம் நார்வேயின் மேற்குக் கரையில் ஹெல்னெஸ் தீவுக்குப் போடப்பட்ட தொலைத்தொடர்புக் கம்பி வட்டத்துக்கே உரியது. இதில் மாற்றுக் கருத்து எழுந்ததாகக் கூட்டக் குறிப்புகளில் எங்கும் பதிவில்லை.

இந்த வட்டத்தின் ‘சேவை மீட்புத் தலைவர்’ தோர்கில். அதன் மகிமையை அவர் பால்காரரிடம்கூட விளக்குவார். கம்பி ஓரிடத்தில் அறுந்தால், செய்தி அங்கேயே திரும்பி, வட்டத்தின் மறுபக்கம் வழியாக வீடு போய்ச் சேரும். அதற்கு ஆகும் நேரம் ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு. வாடிக்கையாளர் கண் சிமிட்டி முடிப்பதற்குள் பழுது பழங்கதை.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் அந்த வட்டத்தின் வரைபடம் தீவிலுள்ள தோர்கில் வீட்டுச் சமையலறை மேசையில் பிறந்தது. அது அவ்வளவு கச்சிதமாக அமைந்ததற்கு மனைவி ஹெர்டிஸின் காப்பிக் கோப்பையே காரணம். கோப்பையைக் கவிழ்த்து வைத்து, தோர்கில் பென்சிலால் ஒரு சுற்றுச் சுற்றினார். அவ்வளவுதான் வேலை.

ஹெர்டிஸ் தீவுப் பேருந்தின் ஓட்டுநர். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை பாலத்தைக் கடப்பவர். கோப்பையைத் திரும்ப எடுக்க வந்தவர் படத்தை எட்டிப் பார்த்தார்.

“ஏம்ப்பா, வடக்குக் கம்பி எந்த வழியா வருது?”

“பாலத்து மேல.”

“தெற்குக் கம்பி?”

“அதுவும் இப்போதைக்குப் பாலத்து மேலதான். ஒரே குழாய்ல. ஆனா படத்துல பாரு, ரெண்டும் எவ்ளோ தள்ளித் தள்ளி இருக்கு!”

“தீவுக்கு இருக்கறது ஒரே பாலம். அதுல ஏதாவது ஆச்சுன்னா உன் ரெண்டாவது கம்பி எப்படி வரும்? நீந்தியா?”

தோர்கில் வாய்விட்டுச் சிரித்தார். வட்டம் என்பது உயர்ந்த தத்துவம். ஸ்டியரிங் பிடிப்பவர்களுக்கு அது உடனே பிடிபடாது. மேலும், கடலடியில் தனிக் கம்பி போட ஆறு அலுவலகங்களின் அனுமதி வேண்டும். அந்த ஆறில் ஒன்று இறாலுக்காகவே இயங்கியது. ஆகவே ‘தற்காலிகமாக ஒரே குழாய்’ என்று கூட்டம் ஒருமனதாகத் தீர்மானித்தது. தோர்கில் கையெழுத்திட்டார். அந்தத் தற்காலிகம் பதினோரு ஆண்டுகள் நல்ல ஆரோக்கியத்துடன் வாழ்ந்தது.

ஆண்டுதோறும் வட்டத்துக்குப் பரீட்சை உண்டு. கரையிலுள்ள கட்டுப்பாட்டு அறையில், ஒத்வார் என்ற ஊழியர் வடக்கு இணைப்பைக் கையால் பிடுங்குவார். விளக்கு ஒருமுறை சிமிட்டிவிட்டுப் பச்சையாகும். எல்லோரும் கை தட்டி, சூடான வாஃபிளில் ஜாம் தடவிச் சாப்பிடுவார்கள். வாஃபிள் ஆறிவிடும் என்பதால், பாலம் வரை போய்க் குழாயைப் பார்க்க ஒருவருக்கும் நேரம் அமையவில்லை.

சென்ற குளிர்காலத்தில் ஹெர்டிஸின் இதயம் தளர்ந்தது. பேருந்து ஓட்டுவதை விட்டார். நகராட்சி கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு பொத்தான் கொடுத்தது. அழுத்தினால் கரையிலுள்ள செவிலியர் நிலையத்தில் மணி அடிக்கும். பன்னிரண்டு நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கும். தோர்கிலே அதை மாட்டிவிட்டார்.

“பயப்படாத. இது நம்ம வட்டத்துலதான் போகுது.”

“உன் ரெண்டாவது கம்பி நீச்சல் கத்துக்கிச்சா?”

“பதினோரு வருஷமா ஒரு புகார்கூட இல்ல, தெரியுமா?”

“சரி சாமி. வர்றப்போ மீன் வாங்கிட்டு வா. வட்டமா சுத்தாம நேரா வா.”

அக்டோபர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி பத்து நிமிடம். பாலத்தின் கைப்பிடியைச் செப்பனிட்டவர்கள் துளைபோடும் எந்திரத்தை ஒரு சாண் தள்ளி வைத்துத் துளைத்தார்கள்.

“வடக்கு, தெற்கு ரெண்டு விளக்கும் சிவப்பாயிடுச்சு,” என்றார் கட்டுப்பாட்டு அறையில் ஒத்வார்.

“ரெண்டும் ஆகாது,” என்றார் தோர்கில்.

“ஆயிருக்கே!”

“படிவம் என்ன சொல்லுது?”

“‘அறுந்த பக்கம்: வடக்கா, தெற்கா? ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கவும்.’”

“அப்போ வடக்குன்னு போடு.”

“போட்டா, தெற்கு வழியா சேவை நடக்குதுன்னு கணினி தானா எழுதிக்கும்.”

“எழுதிக்கட்டும். புகார் ஏதாவது வந்துதா?”

“தீவுல ஒரு போனும் வேலை செய்யல. எப்படி வரும்?”

“அதைத்தான் கேட்டேன். வரல இல்ல?”

இதைச் சொல்லி அரை மணி நேரம் கழித்துத்தான் சேவை மீட்புத் தலைவருக்கு வீட்டு நினைவு வந்தது. வீட்டு எண்ணை அழைத்தார். போகவில்லை. கைபேசியை அழைத்தார். கைபேசிக் கோபுரமும் அதே குழாயை நம்பித்தான் நின்றது. காரை எடுத்தார்.

பாலத்தில் ஒரு பக்கப் பாதையைத்தான் விட்டிருந்தார்கள். ஆரஞ்சுச் சட்டைக்காரர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். “கொஞ்சம் பொறுங்க. கம்பி ஒண்ணு அறுந்துபோச்சு.”

“ரெண்டு,” என்றார் தோர்கில்.

சட்டைக்காரர் குனிந்து குழாயைப் பார்த்தார். “பாத்தா ஒண்ணு மாதிரிதாங்க இருக்கு.”

ஹெர்டிஸ் சமையலறை மேசையில் தலை சாய்த்திருந்தார். உடம்பு குளிரத் தொடங்கியிருந்தது. கட்டைவிரல் பொத்தானின் மேல் இருந்தது. பொத்தானில் பழுதில்லை. பதினான்கு முறை அழுத்தப்பட்டதை அது ஒழுங்காகப் பதிவு செய்து வைத்திருந்தது.

மூன்று வாரம் கழித்து ஆய்வுக் கூட்டம். நார்வேயில் இயக்குநரைக்கூடப் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். பழியையும் அதே சமத்துவத்தோடு பங்கிடுவதால், யார் தட்டிலும் ஒரு துளி விழாது. இயக்குநர் விபெக்கே அறிக்கையை வாசித்தார்: “வட்டம் வடிவமைத்தபடியே செயல்பட்டது. வடக்கில் அறுபட்ட சேவை, தெற்கு வழியாகக் கண் சிமிட்டும் நேரத்தில் மீட்கப்பட்டது. வந்த புகார்கள்: பூஜ்யம்.”

பிறகு கண்ணாடியைக் கழற்றினார். “தோர்கில், மனசைத் தேத்திக்கோ. இதுல உன் தப்பு ஒண்ணுமே இல்ல. கையெழுத்து மட்டும் போட்டுடு.”

வாஃபிள் வந்திருந்தது. ஒத்வார் அதைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தோர்கில் பேனாவை எடுத்தார். பதினோரு ஆண்டுகளில் முதல் முறையாக அந்த அறிக்கைப் படிவத்தைக் கட்டம் விடாமல் நிரப்பினார். பூஜ்யத்தின் மேல் கோடு கிழித்தார்.

வந்த புகார்கள்: ஒன்று.

புகார் தந்தவர்: ஹெர்டிஸ், பேருந்து ஓட்டுநர்.

நாள்: வட்டம் வரையப்பட்ட அன்று.

புகார்: இரண்டாவது கம்பி எப்படி வரும், நீந்தியா?

எடுக்கப்பட்ட நடவடிக்கை: சிரித்தேன்.