மேம்பாலம் ஏறாத கார்

பழங்காநத்தத்தில் எந்த மெக்கானிக்கும், எந்த பிளம்பரும் வாசல்படி தாண்டாத வீடு ஒன்று உண்டு. அது 'நானே' அண்ணன் வீடு. அவருடைய உண்மையான பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். குழாய் ஒழுகினாலும், மிக்ஸி மக்கர் செய்தாலும், "நானே பாத்துக்கிறேன்" என்று வேட்டியை மடித்துக் கட்டிவிடுவார். அவர் பார்த்துக்கொண்ட பிறகு, அவர் வீட்டில் மிக்ஸி போட்டால் மாடியில் குடியிருந்த எங்கள் வீட்டு ஃபேன் வேகமாகச் சுற்றும்.

"என் பல்லத் தவிர இந்த வீட்ல அவரு கழட்டாதது எதுவும் இல்ல தங்கச்சி" என்பார் அவர் மனைவி. மாடிக்குக் குடிவந்த நாளிலிருந்து எனக்கு அவர் அண்ணன், இவர் மதினி.

அப்படிப்பட்டவர், வாசலில் நின்ற பழைய காரை மட்டும் கழற்றாமல் பயபக்தியோடு துடைத்துக்கொண்டிருந்தார். அது அவருடைய அப்பாவின் கார். வேறு யார் கையும் படவிடாமல் அதை வைத்திருந்தவர் அந்தப் பெரியவர். அவர் போய்ச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

திருவாதவூரில் கட்டிக்கொடுத்த அண்ணனின் சொந்தத் தங்கை ஒருநாள் போன் செய்தாள். மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். மாமன் வராமல் ஆசாரி ஊசியைத் தொடமாட்டார். "அண்ணே, அப்பா கார்லயே வா. அப்பாவே வார மாதிரி இருக்கும்" என்றவள் போனிலேயே அழுதுவிட்டாள். அண்ணன் போனை வைத்துவிட்டு வெகுநேரம் காரைத் துடைத்தார்.

இந்த நேரம் பார்த்து கார் கொதித்தது. பின்னால் வெள்ளைப் புகை; எஞ்சின் ஆயில் மோர் மாதிரி வெளுத்துவிட்டது. தெருமுனை மெக்கானிக் எட்டிப் பார்த்து, எஞ்சினின் மேல்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்றார். "வண்டிய விட்டுட்டுப் போங்கண்ணே, முடிச்சுத் தாரேன்."

"நானே பாத்துக்கிறேன்."

போனில் ஒரு வீடியோ ஓடியது. அதில் ஒருவர் இந்தியில் பொழிந்து தள்ளினார். அண்ணனுக்கு இந்தியில் நமஸ்தேக்கு மேல் தெரியாது. "கை போற தெச தெரிஞ்சாப் போதும் தங்கச்சி" என்றார். பழைய பேப்பர் விரித்து எஞ்சினைக் கூறு போட்டார். எஞ்சின் மூச்சு விடுகிற நேரத்தைத் தீர்மானிக்கிற பல்சக்கரம் ஒன்று உண்டு. அதை மறுபடி மாட்டும்போது ஒரு பல் தப்பினாலும் வண்டிக்கு இழுவை போய்விடும். எந்தப் பல் என்று காட்டுகிற கோடு தேய்ந்திருந்ததால், சக்கரத்தைக் கழற்றும் முன்பே எண்ணெயில் குங்குமத்தைக் குழைத்து, சரியான பல்லில் அடையாளம் வைத்துக்கொண்டார். "பெயிண்ட் எதுக்கு? வீட்ல இம்புட்டு குங்குமம் இருக்குல்ல."

பாகங்கள் பேப்பரில் கிடக்கும்போதே ஆயுத பூஜை வந்தது. மதினி விடுவாரா? ஸ்பேனருக்கும் போல்ட்டுக்கும் சந்தனம், குங்குமம், தலைக்கு ஒரு பூ. நான் பொரிக் கிண்ணத்தோடு பக்கத்தில் நின்றேன்.

எல்லாவற்றையும் மாட்டி முடித்து, நல்ல நேரம் பார்த்து அண்ணன் சாவியைத் திருகினார். எஞ்சின் உயிர் பெற்றது. தெருவே கைதட்டியது. மதினியும் நானும் ஏறிக்கொண்டோம். முதல் கியரில் கார் மூச்சு வாங்கியது, இரண்டாவதில் இருமியது, மூன்றாவதில் தூங்கிவிட்டது. சைக்கிளில் இளநீர் விற்பவர் எங்களை முந்தும்போது, "வாரேன் சார்" என்று சொல்லிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து அண்ணன் தினம் ஒரு நோயைக் கண்டுபிடித்தார். பிளக்கை மாற்றினார். பெட்ரோலை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றினார். ஏர் ஃபில்டரைத் தட்டியதில் கொடியில் காய்ந்த துணியெல்லாம் சாம்பல் நிறமானது. குழாய் குழாயாகக் காதை வைத்துக் கேட்டார். கார் மட்டும் அரைத்தூக்கத்திலேயே இருந்தது.

"பேசாம ஒரு டாக்சி புடிச்சிருவோம்ங்க" என்றார் மதினி.

"டாக்சியில எங்கப்பா வரமாட்டாருடி" என்றார் அண்ணன். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதே இல்லை.

காதுகுத்து நாளும் வந்தது. பின்சீட்டில் பட்டுப்பாவாடைத் தட்டு, பழத்தட்டு, நான். ஊர் எல்லையில் மேம்பாலத்தில் பாதி ஏறியதும் கார் நின்றுவிட்டது. பின்னால் பஸ்கள் ஆர்ப்பாட்டம் செய்தன. சரிகை வேட்டியோடு அண்ணன் பானட்டைத் திறந்து, பல்சக்கரத்தின் மூடியைக் கழற்றினார்.

"நான் வச்ச பொட்டு இந்தா இருக்கு. இதப் பாத்துத்தான மாட்டுனேன். பெறகு என்னா கேடு?"

மதினியும், பழத்தட்டோடு நானும் இறங்கிப் போனோம். மதினி எட்டிப் பார்த்தார். "அது நான் வச்ச பொட்டாச்சே. நீங்க வச்சது கோணலா அப்பியிருந்துச்சு. பூசை அன்னைக்கு அதத் தொடச்சிட்டு, பக்கத்துப் பல்லுல லட்சணமா வச்சேன்."

நான் பழத்தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அண்ணன் பொட்டைப் பார்த்தார், மதினியைப் பார்த்தார். பிறகு பானட்டைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "லட்சணமாத்தான் இருக்கு. இப்பக் கழட்டி மாட்டுனா நல்ல நேரம் போயிரும். வந்து தள்ளுங்க ரெண்டு பேரும்."

பட்டுச்சேலையோடு மதினியும் நானும் காரை மேம்பாலம் ஏற்றினோம். இறக்கத்தில் எஞ்சின் மறுபடி பிடித்துக்கொள்ள, ஓடிப்போய் ஏறிக்கொண்டோம்.

அதற்குப் பிறகு நடந்ததை என்னால் ஒரு கனவாகத்தான் நினைக்க முடிகிறது. ஐப்பசி மழையில் நனைந்த ரோடு. யானைமலை எங்கள் ஜன்னலை விட்டு நகர மறுத்தது. திருவாதவூர் ரோட்டில் திரும்பியதும் இரண்டு பக்கமும் புதுநடவு. வயல் தண்ணீரில் வானம் கிடந்தது. ஒரு கொக்கு எங்களோடு கூடவே பறந்தது, முந்தவில்லை, மரியாதை தெரிந்த கொக்கு. ஈர மண்ணின் வாசனை காருக்குள் நிறைந்தது. நேரத்தைப் பற்றிய பதற்றம்கூட எங்கோ கரைந்து போனது.

"அப்பா இம்புட்டு வேகத்துலதான் ஓட்டுவாரு" என்றார் அண்ணன், தனக்குத்தானே.

தெருமுனையில் தங்கை நின்றிருந்தாள். காரைப் பார்த்ததும் ஓடிவந்து ஜன்னலைப் பிடித்தாள். "ஏண்ணே இம்புட்டு நேரம்?" என்று திட்டியவள், உள்ளே பார்த்து, ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்த்தாள். கார் போன வேகத்துக்கு அவளால் ஜன்னலை விடாமல் பந்தல்வரை கூடவே நடந்து வர முடிந்தது. அழுகையும் சிரிப்புமாக வந்தாள். அண்ணன் பிரேக்கையும் தொடவில்லை, ஆக்சிலேட்டரையும் தொடவில்லை.

நல்ல நேரம் முடிவதற்குள் ஆசாரி ஊசியை எடுத்துவிட்டார். குழந்தை ஒரு முறை வீறிட்டு அடங்கியது. அதை மடியில் வைத்திருந்த தாய்மாமனைத்தான் யாராலும் அடக்க முடியவில்லை.

அடுத்த வாரமே அண்ணன் பல்சக்கரத்தைக் கழற்றிச் சரியான பல்லில் மாட்டினார். கார் இப்போது மேம்பாலத்தில் பறக்கிறதாம். பறக்கட்டும். மறுபடி அது நடுவழியில் நின்று, நானே அண்ணன் ஒரு குரல் கொடுத்தால் போதும். நான் இப்போது குடியிருக்கும் நாகமலை புதுக்கோட்டையிலிருந்து பட்டுச்சேலையோடு கிளம்பி வந்து தள்ளுவேன்.